மண்ணுக்கடியில் மறைந்த தழும்புகள்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கம் ஆழிப்பேரலையை எழுப்பியது. அது பினாங்குக் கரையையும் தாக்கியது. மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பினாங்கில் மாண்டவர்கள். நிலநடுக்கம் அண்டை நாட்டின் சிக்கல், நம் மண் அசையாது என்றே அப்போது பலர் எண்ணினர். ஆனால், 2007ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பகாங்கின் புக்கிட் திங்கி வட்டாரத்தில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. அங்குள்ள பழைமையான நிலப்பிளவு சற்றே அசைந்ததுதான் அதற்குக் காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

பாறை உடைந்து, இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகர்ந்த இடமே நிலப்பிளவு. தீபகற்ப மலேசியாவில் இத்தகைய பிளவுகள் பல உள்ளன. பினாங்குக்கு அருகில், கெடாவின் பாலிங் வட்டாரத்தில் செல்லும் போக் பாக் பிளவு அவற்றுள் ஒன்று. எனினும், அடர்ந்த காடும் ஆழ்ந்த மண்ணும் அவற்றை மூடியுள்ளன. கண்ணுக்குத் தெரியாத பிளவை எவ்வாறு கண்டறிவது?

பாறைகளில் மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமம் கலந்திருக்கும். அதன் அளவு பாறைக்குப் பாறை வேறுபடுவதால், நிலத்தின் காந்தப்புலமும் இடத்துக்கு இடம் சிறிது மாறும். இதனை அளக்கும் கருவி காந்தமானி. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க விமானங்களில் பொருத்தப்பட்ட இக்கருவி, பின்னர் நிலவியலாளர்களின் கைக்கு வந்தது. 1950களில் மலாயாவின் சில பகுதிகளிலும் வான்வழிக் காந்த ஆய்வு நடைபெற்றது. உழவன் சால் சாலாக உழுவதுபோல், விமானம் இணைகோடுகளில் பறந்து அளவுகளைப் பதிவு செய்யும்.

அந்த அளவுகளைக் கொண்டு வரையப்படும் காந்த வரைபடத்தில் பாறை அடுக்குகள் பட்டைகளாகத் தெரியும். கிழிந்த கரைவேட்டியைச் சற்று விலக்கித் தைத்தால் கரை ஒன்றோடொன்று பொருந்தாது அல்லவா? அதுபோல, பட்டைகள் திடீரென அறுந்து விலகித் தொடரும் இடத்தில் பிளவு இருக்கக்கூடும். விலகிய துண்டுகளை மனத்தளவில் பின்னுக்கு நகர்த்திப் பொருத்தினால், நிலம் எத்திசையில், எவ்வளவு தொலைவு நகர்ந்தது என்பது புலப்படும். காலவரிசையையும் அறியலாம். ஒரு பாறைப்பட்டையைப் பிளவு அறுத்திருந்தால், பிளவு அப்பட்டைக்குப் பிந்தியது. பட்டை பிளவைக் கடந்து அறுபடாமல் சென்றால், பிளவே முந்தியது.

பினாங்கு வட்டாரத்தில் இவ்வரைபடத்தை வாசிக்கத் தனிக் கவனம் தேவை. பினாங்கு காந்த நடுக்கோட்டுக்கு அருகில் உள்ளதால், இங்குப் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழத் தரைக்கு இணையாகச் செல்கிறது. துருவத்தை ஒட்டிய நாடுகளில் காந்தத்தன்மை மிகுந்த பாறையின்மேல் அளவு உயரும். இங்கோ பெரும்பாலும் தாழும். அதோடு, வடக்குத் தெற்காக நீண்ட பாறைப்பட்டைகள் வரைபடத்தில் மிக மங்கலாகவே தெரியும். தீபகற்பத்தின் பாறை அடுக்குகள் பலவும் அவ்வாறே நீண்டுள்ளன. வரைபடத்தில் கோடு இல்லை என்பதால் நிலத்தில் பிளவு இல்லை என முடிவு செய்துவிட இயலாது.

மேலும், பிளவு இருக்கும் இடத்தைக் காந்த வரைபடம் சுட்டும். அது மீண்டும் அசையுமா என்பதைச் சொல்லாது. அதற்கு நிலவியலாளர் களத்தில் இறங்கிப் பாறையைக் காண வேண்டும். நில அதிர்வுமானிகள் இடைவிடாது கண்காணிக்க வேண்டும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியல் கற்கும் மாணவர்கள் இத்துறைக்குரிய பயிற்சி பெறுகின்றனர்.

அணை, சுரங்கப்பாதை, மலைச்சாலை ஆகியவற்றை அமைக்குமுன் நிலத்தின் பழைய தழும்புகளை அறிவது இன்றியமையாதது. உடைந்த பாறை நீரைக் கசியவிடும், மலைச்சரிவையும் தளர்த்தும். வருமுன் காப்பதற்கு, மண்ணுக்கடியில் இருப்பதை முதலில் அறிந்தாக வேண்டும்.

சொற்பொருள்
சால் – ஏர் உழுத தடம்
காந்த நடுக்கோடு – புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக அமையும் கோடு
இன்றியமையாதது – மிகவும் தேவையானது