அம்மைக்கு ஒரு பட்டன் போன்

“அக்கா, அம்மைக்கு ஒரு போன் வாங்கணும். அண்ணன் அனுப்பின டச் போன் அலமாரியிலயே கிடக்கு, அவ தொடவே மாட்டேங்கா. என்ன வாங்கலாம்?” எங்க பக்கத்துத் தங்கச்சிமார் என்கிட்ட அடிக்கடி கேட்கிறது இதுதான். என் பதிலும் எப்பவும் ஒண்ணுதான்: பட்டன் உள்ள 4ஜி போன். டச் போனை விடக் குறைஞ்ச விலையிலயே நல்லது கிடைக்கும்.

டச் போன் அம்மைக்கு ஏன் ஒத்துவரலைன்னு யோசிச்சிருக்கீங்களா? அண்டி ஆபீசுல, அதான் முந்திரி ஆலையில, வருஷக்கணக்கா அண்டி உடைச்ச கையைப் பாருங்க. தோட்டு எண்ணெய் பட்டு, தோல் உரிஞ்சு, விரல் நுனியில ரேகையே தேஞ்சு போயிருக்கும். ரேஷன் கடை மெஷினே அந்த விரலை ஒரு தடவையில ஏத்துக்கறதில்லை. கண்ணாடித் திரைக்கு ரேகை தேவையில்லைதான், ஆனா காய்ஞ்சு தடிச்ச விரலை அதுவும் சில நேரம் சரியா உணராது. பட்டன் அப்படியில்லை, அழுத்தினது விரலுக்கே தெரியும். ரப்பர் வெட்ட விடியுமுன்னே தோட்டத்துக்குப் போறவங்களுக்கும் இதுதான் தோது. ஒரு பட்டனை அமுக்கினா டார்ச் எரியணும், அதைக் கடையிலேயே பாத்துக்கோங்க.

அடுத்தது பேட்டரி. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் வந்த நாளை நம்ம குமரி மாவட்டத்துல யாரும் மறக்க முடியாது. ரப்பரும் தென்னையும் கம்பி மேல சாய்ஞ்சு, நாள்கணக்கா கரண்ட் இல்லாத ஊர் எத்தனை! கடலுக்குப் போனவங்களைப் பத்தி ஒரு தகவலாவது வராதான்னு தூத்தூர் முதல் நீரோடி வரைக்கும் கடற்கரை முழுக்கக் காத்துக் கிடந்த நேரம் அது. டச் போன் அப்படி நேரத்துல ஒரு நாள் தாங்கினாலே பெரிசு. பட்டன் போன் 1000 எம்ஏஎச் பேட்டரியிலயே சில நாள் உயிரோட இருக்கும். 1400-க்கு மேல இருந்தா இன்னும் நல்லது.

புயல்ல டவரும் போயிடும். அதனால எஃப்எம் பாருங்க, அதுவும் ஹெட்செட் மாட்டாமலே பாடுற வயர்லெஸ் எஃப்எம். கடையில நின்னு 101-ஐ வைங்க. நம்ம நாகர்கோவில் வானொலி கரகரப்பில்லாம வந்தா அந்த போனை எடுக்கலாம். 1984-ல நாட்டோட முதல் உள்ளூர் வானொலி நிலையமா ஆரம்பிச்சது அதுதான். டவர் விழுந்த நேரத்துலயும் செய்தி சொல்ல ரேடியோ உண்டு.

சிம் விஷயத்துலதான் நிறையப் பேர் ஏமாந்து போறாங்க. விலை குறைவான 2ஜி போன்ல ஜியோ சிம் வேலை செய்யாது, அந்தக் கம்பெனிக்கு 2ஜியே கிடையாது. ஜியோபாரத் மாதிரி போன்ல வேற கம்பெனி சிம் ஏறாது. அம்மைக்கு வருஷக்கணக்கா இருக்கிற நம்பர் எந்தக் கம்பெனின்னு பாத்துட்டு, எந்த சிம்மும் ஏறுற 4ஜி போனா வாங்குங்க. வீட்டுக்குள்ள எந்த சிக்னல் எடுக்குதுங்கறதையும் பாக்கணும். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் மலை மறைக்கிற வீடுகள்ல இது இன்னும் முக்கியம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்கிட்ட கேட்டாலே சொல்லிடுவாங்க.

போனுக்கு ஒரு தடவைதான் காசு, ரீசார்ஜுக்கு ஆயுசு முழுக்க. 28 நாள் பேக்குன்னா வருஷத்துக்கு 13 தடவை. பட்டன் போனுக்கு தினம் 2 ஜிபி டேட்டா போட்டு என்ன பிரயோஜனம்? டேட்டா இல்லாத பேக்கும் கொடுக்கணும்னு தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2024 டிசம்பர்ல உத்தரவு போட்டது. அதுக்குப் பிறகு 2025 ஜனவரி முதல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குகளைத் தனியார் கம்பெனிகள் கொண்டு வந்தாங்க. 84 நாளுக்கும் உண்டு, ஒரு வருஷத்தை ஒட்டியும் உண்டு. கடைக்காரர் தானா எடுத்துச் சொல்லமாட்டார். “டேட்டா வேண்டாம், கால் மட்டும் உள்ளது போடுங்க”ன்னு நீங்கதான் வாய் திறந்து கேக்கணும்.

கடைக்கு அம்மையையும் கூட்டிட்டுப் போங்க. சிம்மைப் போட்டு அவளே ஒரு கால் பண்ணட்டும். சத்தம் காதுக்குக் கேக்குதா, எண் கண்ணுக்குத் தெரியுதான்னு அவதான் சொல்லணும். உங்க போன்லருந்து ஒரு தமிழ் எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்க. எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமா வந்தா அந்த போன் வேண்டாம். மகளிர் உரிமைத்தொகை பேங்குல ஏறின தகவலும், கேஸ் சிலிண்டர் வாங்குற நேரத்துல சொல்லுற ஓடிபியும் எஸ்எம்எஸ்லதான் வருது. இண்டேன் காரங்க பதிவு பண்ணின நம்பர்லருந்து 8454955555-க்கு மிஸ்டு கால் கொடுத்தாலே சிலிண்டர் புக் ஆயிடும், அதுக்கு ஆப் எதுவும் வேண்டாம்.

பிள்ளை வெளிநாட்டுல இருக்கான், முகம் பாத்துப் பேசணும்னா பட்டன் போன் உதவாது, மறைக்காமச் சொல்லுறேன். “இதுல வாட்ஸ்அப் வரும்”னு சொல்லி விக்கிறதை நம்பாதீங்க. பட்டன் போன்ல ஓடுற கைஓஎஸ்ஸுக்குப் புதுசா வாட்ஸ்அப் கொடுக்கறதை 2024-லயே நிறுத்திட்டாங்க. வீடியோ காலுக்கு மட்டும் வீட்டுல வேற ஒரு டச் போன் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பீடு டயல்ல 2-க்கு உங்க நம்பர், 3-க்கு அண்ணன் நம்பர்னு போட்டுக் கொடுங்க. 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிச்சா அவசர உதவிக்குக் கால் போகணும்னு 2017 முதல் விதி இருக்கு, அதையும் அம்மைக்குச் சொல்லி வைங்க. “பேங்குலருந்து பேசுறோம், ஓடிபி சொல்லுங்க”ன்னு எவன் கேட்டாலும் உடனே கட் பண்ணணும். பணம் போயிட்டா தாமதிக்காம 1930-க்கு அடிக்கணும். இந்த ரெண்டையும் ஒரு தடவை சொன்னா போதாது, திரும்பத் திரும்பச் சொல்லுங்க.

பழைய போன் வாங்குறதா இருந்தா *#06# அடிச்சுப் பாருங்க, 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம்னு ஆங்கில எழுத்துல அடிச்சு, ஒரு இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. கருப்புப் பட்டியல்ல இருக்குன்னு பதில் வந்தா, எவ்வளவு விலை குறைச்சாலும் வாங்காதீங்க. புது போனுக்கும் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு இருக்கிற பையிலேயே பில்லையும் டப்பாவையும் வைங்க. போன் தொலைஞ்சா போலீஸ்ல புகார் கொடுத்து சஞ்சார் சாத்தி இணையதளம் வழியா அதை முடக்க, டப்பா மேல இருக்கிற அந்த 15 இலக்க எண்தான் வேணும்.