உயிருள்ள மரத்தில் முகம் செதுக்கலாமா?

கிணற்றடி வேம்புக்கு மஞ்சள் துணி சுற்றி, பொட்டு வைத்து, நடுமரத்தில் அம்மன் முகம் பொருத்தி வணங்குவது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். இதில் மரத்துக்குக் கெடுதல் ஏதும் இல்லை. ஆனால் அந்த முகத்தை உளியால் மரத்திலேயே செதுக்கிவிட்டால் என்ன என்ற ஆசை சிலருக்கு எழுகிறது. அழகுக்காகத் தோட்டத்து மரத்தில் மனித முகம் செதுக்குவோரும் உண்டு. அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையம் போன்ற மானாவாரி ஊர்களில் ஒரு வேம்பையோ புளியையோ ஆளாக்க எத்தனை கோடை தாண்ட வேண்டும் என்பது விவசாய அன்பர்களுக்குத் தெரியும். உளியை எடுக்குமுன் மரத்தின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்வது நல்லது.

மரத்தின் உயிரோட்டம் பெரும்பாலும் பட்டையை ஒட்டியே நடக்கிறது. இலைகள் தயாரிக்கும் உணவு உள்பட்டை வழியாக வேருக்கு இறங்குகிறது. உள்பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம் உள்ளது. மரம் பருப்பது இந்தப் படலத்தால்தான். முகம் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் இவை இரண்டையும் வெட்டிக் கட்டைக்குள் இறங்காமல் முடியாது. நான்கு சாண் சுற்றளவுள்ள மரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு முகம் செதுக்கினால், வேருக்குப் போகும் உணவுப் பாதையில் கால் பங்கு அடைபட்டுவிடுகிறது. சுற்றிலும் வளையமாகப் பட்டை போய்விட்டால் வேர் பட்டினி கிடந்து மரமே பட்டுப்போகும். ஆகவே காயத்தின் உயரத்தைவிட அகலமே மரத்துக்கு அதிகக் கேடு.

“மனிதனுக்குப் புண் ஆறுவதுபோல மரத்துக்கும் ஆறிவிடும்” என்று சொல்வார்கள். இது சரியல்ல. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து, 1970களில் இதை விளக்கினார். மரம் காயத்தை ஆற்றுவதில்லை. அதைச் சுற்றித் தடுப்புக் கட்டி, மேலே புது மரத்தை வளர்த்து மூடிவிடுகிறது. உள்ளே புகுந்த பூசணமும் அழுகலும் அப்படியே தங்கியிருக்கும். வெளியே பட்டை மூடி நன்றாகத் தெரியும் மரம், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துப் புயலில் அதே இடத்தில் முறிவதற்கு இது ஒரு காரணம்.

செதுக்கிய முகமும் செதுக்கியபடி நிற்காது. மரம் நுனியில் உயர்கிறது, நடுமரத்தில் பருக்கிறது. எனவே முகம் மேலே ஏறாமல் அதே உயரத்தில் இருக்கும். ஆனால் ஓரங்களில் புதுப்பட்டை தடித்துச் சுருண்டு வந்து கண்ணையும் வாயையும் விழுங்கத் தொடங்கும். நியூசிலாந்துக்குக் கிழக்கே சாத்தம் தீவுகளில் மொரியோரி மக்கள் கோபி என்னும் மரங்களின் பட்டையில் மனித உருவங்களைக் கீறி வைத்தனர். அம்மரங்கள் சாகச் சாக உருவங்களும் மறைந்து, இன்று எஞ்சியிருப்பவை கொஞ்சமே. வட அமெரிக்காவின் இரோகுவா மக்கள் சடங்கு முகமூடியை உயிருள்ள மரத்தில் செதுக்கிப் பின் அதை வெட்டி எடுத்துக்கொண்டனர். அவர்கள் முகத்தை மரத்திலேயே விட்டுவைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மரத்தை வெட்டியும் காப்பாற்றலாம் என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்கள் சான்று. பால் வெட்டுவோர் கேம்பியத்தைத் தொடாமல் சுமார் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்டுகிறார்கள். அதனால்தான் பட்டை மீண்டும் வளர்ந்து, அதே இடத்தில் திரும்பவும் வெட்ட முடிகிறது. கத்தி ஆழம் போனால் அந்த இடம் கரடாகி, அடுத்த வெட்டுக்கு உதவாது. ஒரு மில்லிமீட்டர் கணக்கு பார்க்கும் அந்தக் கை எங்கே, அரை விரல் ஆழம் இறங்கும் உளி எங்கே!

தென்னையிலும் பனையிலும் அறவே செதுக்கக் கூடாது. இவற்றுக்குக் கேம்பியம் இல்லை. ஏற்பட்ட காயம் ஆயுளுக்கும் மூடாது. தென்னையில் அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். ஏறுவதற்காகத் தென்னையில் படி வெட்டக் கூடாது என்று வேளாண் துறையினர் சொல்வதும் இதற்காகவே. முந்திரியில் தண்டுத்துளைப்பான் தரையை ஒட்டிய அடிமரத்துப் பட்டை வெடிப்புகளில்தான் முட்டையிடுகிறது. பிசினும் சக்கையும் வெளியே தெரியும்போது புழு உள்ளே வெகுதூரம் போயிருக்கும். முந்திரியை நம்பியுள்ள அரியலூர் வட்டார அன்பர்கள் அடிமரத்தில் பெயர் கீறுவதைக்கூட அனுமதிக்க வேண்டாம்.

ஏற்கெனவே செதுக்கிவிட்ட மரமானால், தொங்கும் பட்டையை மட்டும் கூரிய கத்தியால் உறுதியான பட்டை வரை சீவி எடுக்க வேண்டும். கட்டையை மேலும் தோண்டக் கூடாது. புதுக் காயத்துக்குப் போர்டோ பசை பூசலாம். ஒரு மரத்துக்கு 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, இரண்டையும் ஒரே சமயத்தில் மூன்றாவது பாத்திரத்தில் ஊற்றிக் கலக்க வேண்டும். துரு இல்லாத இரும்புக் கத்தியை அதில் தோய்த்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றன்றைக்குக் கலந்து அன்றே பூசிவிட வேண்டும். உள்ளே பரவிவிட்ட அழுகலை இது நீக்காது. தார் பூசுவதாலும் அது நிற்காது. கோடையில் நீர் ஊற்றி மரத்தைத் தெம்பாக வைத்திருப்பதே பெரிய வைத்தியம்.

முகம்தான் வேண்டும் என்றால் அதிக தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரின் மரச் சிற்பங்கள் 2020இல் புவிசார் குறியீடு பெற்றவை. அங்குள்ள சிற்பிகள் வாகை, மா, வேம்பு போன்ற வெட்டிய மரங்களில் வேலை செய்கிறார்கள். காற்றில் விழுந்த கிளை கிடைத்தால் அதையே கொடுத்துச் செய்துகொள்ளலாம். கட்டையின் இரு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ பூசி நிழலில் உலர்த்தினால் வெடிப்பு குறையும். செய்த முகத்தை ஆணி அடித்து மாட்டக் கூடாது. பட்டையான தேங்காய் நார்க் கயிற்றால் கட்டி, மரம் பருக்கப் பருக்க ஆண்டுக்கொரு முறை கட்டைத் தளர்த்திக் கட்ட வேண்டும்.