டிரில் மெஷின் வாங்கப் போறீங்களா? மலிவா, தரமா?



போன செமஸ்டர் லீவில் கொடைக்கானலில் மாமா வீட்டுக் கல் சுவரில் ஷெல்ஃப் மாட்டப் போனேன். கையில் 1,400 ரூபாய் டிரில்லிங் மெஷின். மூன்றாவது ஓட்டையில் பிட் சிக்கி நின்னுபோச்சு. நான் விடுவேனா? சுவிட்சை இன்னும் அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் புகை, காயில் கருகின வாசனை. ப்ராஜெக்டுக்காக மூணு பேர் காசு போட்டு வாங்கின மெஷின் அது. ரிவ்யூவுக்கு இன்னும் 12 நாள்தான்.

பழனியில் ரீவைண்டிங் கடை அண்ணனிடம் கொண்டுபோய், "மலிவு மெஷின்ணா, அதான் போயிருச்சு" என்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, மெஷின் நின்னதுக்கு அப்புறமும் சுவிட்சை அமுக்கிட்டே இருந்தியா?"

தப்பு மெஷின் மேல மட்டும் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் இருந்து பிறந்ததுதான்.

1. மெஷின் ஏன் எரியுது?

டிரில், கிரைண்டர் போன்றவற்றில் பெரும்பாலும் இருப்பது யுனிவர்சல் மோட்டார். அது சுற்றும்போது உருவாகும் பேக் இ.எம்.எஃப். தான் கரண்டைக் கட்டுப்படுத்துது. செகண்ட் இயரில் படிச்சோமே, அதேதான்! மோட்டார் நின்றால் பேக் இ.எம்.எஃப். இல்லை, கரண்ட் பல மடங்கு ஏறும். கூலிங் ஃபேனும் அதே ஷாஃப்டில்தான் இருக்கு, அதுவும் நின்றுவிடும். சூடு அதிகம், காற்று இல்லை. வேறென்ன ஆகும்?

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மோட்டார்களின் ரேட்டிங் பொதுவாக 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் சொல்லப்படும். குளிர் கொஞ்சம் ஈடுகட்டும். ஆனாலும் நடுநடுவே ஓய்வு கொடுங்க. சூடானால் லோடு இல்லாமல் அரை நிமிஷம் ஓடவிட்டால், ஃபேனே ஆற்றிவிடும்.

இன்னொன்று, வேலைக்கேற்ற மெஷின். பழனி மலைத்தொடரின் பாறை சார்னோக்கைட், நல்ல கெட்டிக் கல். சாதாரண ஹேமர் டிரில் இரண்டு பல் தட்டுகள் உரசித்தான் அதிர்வு கொடுக்கும். செங்கல் சுவருக்குப் போதும். கெட்டிக் கல்லுக்கும் ஆர்.சி.சி. கான்கிரீட்டுக்கும் பிஸ்டன் வைத்து அடிக்கும் ரோட்டரி ஹேமர் வேணும்.

2. கூடுதல் காசு எங்கே போகுது?

வெளியே பிளாஸ்டிக் பாடி எல்லாம் ஒரே மாதிரி தெரியும். வித்தியாசம் உள்ளே: புஷ்ஷுக்குப் பதில் பால் பேரிங், சரியாக வெட்டிய ஸ்டீல் கியர், வார்னிஷ் நன்றாக ஏறிய வைண்டிங், தூசி புகாத சுவிட்ச். எல்லாவற்றையும்விட முக்கியம், ஸ்பேர் கிடைப்பது. கார்பன் தேய்ந்தால் மாற்ற முடியணும். அது கிடைக்காத மெஷின், கார்பன் தீர்ந்த அன்றே பழைய இரும்புக் கடைக்குத்தான்.

வாட்டைப் பார்த்து ஏமாறாதீங்க. லேபிளில் எழுதியிருப்பது பொதுவாக மெஷின் இழுக்கும் பவர். பிட்டுக்கு வந்து சேரும் பவர் அல்ல.

3. ஒரு சின்னக் கணக்கு

1,400 ரூபாய் டிரில், 3,500 ரூபாய் டிரில் என்று இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் வருஷத்துக்கு 30 ஓட்டை, நாலு வருஷத்தில் 120. மலிவு மெஷினில் ஒரு ஓட்டைக்கு சுமார் 12 ரூபாய், தரமானதில் 29. இங்கே மலிவே ஜெயிக்குது!

அதுவே தினமும் ஓடி, மலிவு மெஷின் ஆறு மாசத்துக்கு ஒருமுறை போய்விட்டால்? நாலு வருஷத்தில் எட்டு மெஷின், 11,200 ரூபாய். தரமான மெஷினுக்கு கார்பன், பேரிங் என்று 1,000 ரூபாய் செலவழித்தாலும் மொத்தம் 4,500 தான்.

ஆக, விலையை முதலில் பார்க்காதீங்க. எத்தனை மணி நேரம் ஓடப்போகுது என்று முதலில் எழுதுங்க. ஒரே நாள் வேலை என்றால் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

4. காசு பார்க்கக் கூடாத இடம்

டிரில் கெட்டால் காசு போகும். கிரைண்டர் கெட்டால் கண் போகும்.

100 மி.மீ. வீல், 11,000 ஆர்.பி.எம். விளிம்பின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்க: நொடிக்கு 57.6 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 207 கி.மீ. சாதாரண கட்டிங் வீலின் எல்லை நொடிக்கு 80 மீட்டர். கார்டைக் கழற்றிவிட்டு அதே மெஷினில் 180 மி.மீ. வீல் மாட்டினால் வேகம் 103 மீட்டரைத் தாண்டும். வீல் வெடித்தால் துண்டு முகத்துக்குத்தான் வரும். "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்று யார் சொன்னாலும் கேட்காதீங்க. கார்டு, கண்ணாடி, வீலில் அச்சடித்த ஆர்.பி.எம்., நடு வளையத்தில் உள்ள காலாவதி தேதி இந்த நாலையும் பார்க்காமல் சுவிட்ச் போடாதீங்க.

5. கடையில் செய்ய வேண்டிய சோதனை

• சக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்க. ஆட்டம் இருந்தால் வேண்டாம்.
• பிட் மாட்டி மெதுவாக ஓட்டுங்க. நுனி வட்டம் போடக் கூடாது.
• ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம், டபுள் இன்சுலேஷன் குறி, இருக்கா?
• "இதுக்கு கார்பன், சுவிட்ச் தனியா கிடைக்குமா?" பதில் தடுமாறினால் அடுத்த கடை.

பழனியில் 2004 முதல் ஓடும் ரோப் காரைப் பாருங்க. தினமும் கொஞ்ச நேரம், மாசம் ஒரு நாள், வருஷத்துக்கு ஒருமுறை நீண்ட நாள் என்று பராமரிப்புக்காக நிறுத்துறாங்க. வரிசையில் நிற்கும்போது நமக்குக் கடுப்பாத்தான் இருக்கும். ஆனா இத்தனை வருஷம் ஓடுவதன் ரகசியம் அந்த நிறுத்தம்தான்.

நம்ம மெஷின்? ரீவைண்டிங் பண்ணி, ரிவ்யூவுக்கு முந்தின நாள் திரும்ப வந்தது. இப்போவும் ஓடுது. பிட் சிக்கினா, முதல் வேலையா சுவிட்சிலிருந்து விரலை எடுத்துடுறேன்.

நீங்களும் எடுத்துடுங்க. ப்ராஜெக்ட் நல்லா முடிய வாழ்த்துகள்!