ஞாயிற்றுக்கிழமை சாமானும் ஆறு நாள் அடுப்பும்



"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று மலைக்குப் போகும் தாய்மாரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "என்னாங்க பண்றது, விடிஞ்சா பெரட்டு. ரொட்டியும் சாயத்தண்ணியுந்தான்." விடியுமுன் எழும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளை ஸ்கூலுக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் அனுப்பிவிட்டுக் கூடையை மாட்டுகிற ஒருவருக்குச் சமைக்க எவ்வளவு நேரம் இருக்கும்? அதனால் நல்ல சாப்பாடு எது என்று மட்டும் சொல்லி இந்தப் பாடத்தை முடிக்க நாங்கள் விரும்பவில்லை. இருக்கிற நேரத்துக்குள், இருக்கிற காசுக்குள் அதை எப்படிச் செய்யலாம் என்றுதான் பார்க்கப் போகிறோம்.

முதலில் காசைப் பார்ப்போம். சம்பளம் கைக்கு வருகிற நாளில் பழைய கடன், நகை அடகு, பிள்ளைகளின் கொப்பி செலவு எல்லாம் வாசலில் நிற்கும். செக்ரோலில் தீபாவளி முற்பணமும் வெட்டுப்பட்டிருக்கும். மிச்சக் காசு பத்து நாளில் கரைந்த பிறகு லயத்துக் கடைக் கொப்பிதான் கதி. அங்கே 100 கிராம் பருப்பு, 50 கிராம் நெத்தலி என்று அன்றாடம் வாங்குகிறோம். 100 கிராமுக்கு 5 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் அது ஒரு கிலோவுக்கு 50 ரூபாய் ஆகிவிடும். பருப்பு, சீனி, எண்ணெய், தூள் எல்லாவற்றுக்கும் இப்படியே கூட்டிப் பாருங்கள். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர் கடன் தராவிட்டால் பல வீடுகளில் அடுப்பே எரியாது. ஆனாலும் பருப்பு, நெத்தலி, கடலை மூன்றையாவது சம்பளம் வந்த வாரத்திலேயே அட்டன் டவுனில் மாதத்துக்கு அளந்து வாங்கி, மூடியுள்ள டின்னில் போட்டு வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

ஏன் இந்த மூன்று? ரொட்டி வயிற்றை நிரப்பும், வேலைக்குத் தெம்பும் தரும். ஆனால் பிள்ளையின் உடம்பு வளரவும் தாயின் உடம்பு தேறவும் புரதம் வேண்டும். 100 கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 10 கிராம் புரதம் இருக்கிறது. மைசூர் பருப்பில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இரண்டும் ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போனால் ஒன்றில் குறைவதை மற்றது நிரப்பும். அதனால் ரொட்டிக்குச் சம்பல் மட்டும் போதாது, ஒரு கரண்டி பருப்பும் வேண்டும். நெத்தலியை முள்ளோடு மென்று சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசி, மாவுக்குத் தட்டுப்பாடு வந்து தோட்டங்களில் பட்டினி கிடந்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2022இல் மாவு விலை ஏறிய ஏற்றம் நம் எல்லோருக்கும் தெரியும். மாவை மட்டும் நம்பியிருந்த வீடுகளுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. லயத்து வாசலில் நாலு முழ இடம் இருந்தாலும் வல்லாரை, பொன்னாங்கண்ணி, இரண்டு மரவள்ளித் தடி வைக்கலாம் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மரக்கறியை ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையில் வாங்கினாலும், சமைப்பதற்கு ஒரு வரிசை வேண்டும். கீரையைத் திங்கள், செவ்வாய்க்குள் முடித்துவிடுங்கள். போஞ்சியும் லீக்ஸும் வாரத்தின் நடுவில். கோவா, கரட், பீட்ரூட் வெள்ளி வரைக்கும் தாங்கும். பூசணி வெட்டாமல் இருந்தால் இன்னும் அதிக நாள் நிற்கும். உருளைக்கிழங்கை வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். பச்சை பிடித்த கிழங்கில் நஞ்சு இருக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் நம்ம பக்கத்து ஈரத்துக்கு மாவும் கருவாடும் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். டின்னைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்தால் ஓரளவு தப்பலாம். பூத்ததைக் கழுவிச் சமைப்பது ஆபத்து.

இன்னொரு விஷயம். டிக்கோயா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4000 அடி உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 96 பாகையளவில் கொதிக்கிறது. கடலையும் கௌபியும் இங்கே வேக அதிக நேரம் எடுப்பதும் விறகைத் தின்பதும் அதனால்தான். அந்திக்கே கடலையை ஊறப்போட்டுவிட்டால் விறகும் மிச்சம், நேரமும் மிச்சம். கொதி வந்ததும் சட்டியை மூடி, தணலில் விட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். உப்பைக் கடைசியில் போடுங்கள், உப்புப் போத்தலையும் மூடியே வையுங்கள். அயடீன் ஆவியாகிப் போகாமல் கறியில் தங்க வேண்டும்.

காலை நேரம் மிச்சமாக வேண்டுமானால் வெங்காயம் உரிப்பது, மாவு அளப்பது, விறகு எடுத்து வைப்பது எல்லாம் இரவிலேயே முடிய வேண்டும். இங்கே தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை: தேங்காய் திருவினால் யாருடைய மீசையும் உதிர்ந்துவிடாது!

இனி நாம் பறிக்கிற கொழுந்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், உடம்பில் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல்கூட வீணாகலாம். ஏற்றத்தில் ஏறும்போது மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, கண் இமையின் உட்பக்கம் வெளுத்திருப்பது இதெல்லாம் இரத்தம் குறைந்ததற்கு அடையாளமாக இருக்கலாம். "மலையில குளிரு, தேத்தண்ணி இல்லாம எப்படிங்க?" என்று கேட்பீர்கள். குடிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கீரைச் சுண்டலில் அடுப்பை இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள், அல்லது சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் சாப்பிடுங்கள். அது இரும்பு உடம்பில் சேர உதவி செய்யும். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் தருகிற இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காமல் வெறும் தண்ணீரோடு எடுக்க வேண்டும். திரிபோஷா மாப் பைக்கட் எந்தத் தாய்க்கு, எந்தப் பிள்ளைக்கு வந்ததோ அவர்களுக்கே போக வேண்டும். ஐந்து பேருக்கு உருண்டை பிடித்தால் ஒருவருக்கும் பலன் இருக்காது.

கடைசியாகச் சாப்பிடுவது யார்? எந்த லயத்தில் கேட்டாலும் அம்மாதான். எல்லோருக்கும் போட்டு, மிஞ்சிய சோற்றில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறார். பருப்பும் நெத்தலியும் அதற்குள் முடிந்திருக்கும். நாள் முழுக்கக் கூடை சுமப்பவரும் அவர்தான், பால் கொடுப்பவரும் அவர்தான். வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து தட்டையும் ஒரே நேரத்தில் அடுப்படியில் வைத்து, கறியைப் பங்கு போட்ட பிறகு சாப்பிடக் கூப்பிடுங்கள். அம்மாவின் தட்டை மூடி வைக்கும் வேலையை மூத்த பிள்ளையிடம் கொடுக்கலாம்.