பார்வைகள் எத்தனை?

நம் ஊர்ப் பெரிய கோயிலின் கிழக்கு இராஜகோபுரம் 217 அடி உயரமும் பதினொரு நிலைகளும் கொண்டது. அதைப் படம் பிடிக்காமல் திரும்பும் பயணியர் சிலரே. அப்படங்கள் இணையத்தின் படப்பகிர்வுத் தளங்களில் ஏறுகின்றன. ஒன்றன் அடியில் ‘1,000 பார்வைகள்’ என்றிருந்தால், ஆயிரம் பேர் கண்டனர் என்றே எண்ணிக்கொள்கிறோம். அவ்வெண் எங்ஙனம் பிறக்கிறது என்று காண்போம்.

ஒரு படத்தை நாம் திறந்ததும், நம் கைப்பேசி தொலைவிலுள்ள ஒரு கணினியிடம் அதை அனுப்பும்படி கேட்கிறது. அக்கணினி படத்தை அனுப்பிவிட்டுத் தன் பதிவேட்டில் ஒரு வரி குறித்துக்கொள்கிறது. கணக்கின் தொடக்கம் இவ்வரிகளே. கேட்ட தடவைகள்தாம் அங்கே எண்ணப்படுகின்றன. பார்த்த கண்கள் அல்ல.

கிரிவலப் பாதையை நினைத்துக்கொள்வோம். 14 கிலோமீட்டர் சுற்று. வழியில் எட்டு இலிங்கங்கள். எட்டு இடங்களிலும் ஒவ்வொரு மாணவி நின்று, கடந்து செல்வோரை எண்ணி, இறுதியில் எல்லாவற்றையும் கூட்டினால் என்ன ஆகும்? ஒரே ஆள் எட்டுப் பேராகிவிடுவார்! முன்னாளில் இணையதளத்தார் பெருமையாகச் சொன்ன ‘ஹிட்’ கணக்கு இத்தகையதே. ஒரு பக்கத்தில் இருபது சிறுபடங்கள் இருந்தால், பக்கத்தையும் சேர்த்து 21 ஹிட். சரி, ஓரிடத்தில் மட்டும் நின்று எண்ணுவோம் என்றாலும், இருமுறை சுற்றியவர் இருவராவார். ஆளை அடையாளம் கண்டு ஒரே முறை எண்ணுவது கடினமான வேலை. அதற்காகவே ‘குக்கி’ என்னும் சிறு குறிப்பைத் தளங்கள் நம் கருவியில் வைக்கின்றன. அப்போதும் ஒருத்தியே கைப்பேசியிலும் கணினியிலும் பார்த்தால் இருவராகத் தோன்றக்கூடும். இதற்கு மாறாக, பள்ளிக் கணினி அறையில் நாற்பது மாணவியர் பார்த்தாலும் வெளியே ஒரே இணைய முகவரி தெரியலாம். முகவரியை மட்டும் நம்பும் தளத்திற்கு நாற்பதும் ஒன்றே.

தளத்திற்குத் தளம் விதியும் வேறு. 2004-இல் கனடாவின் வான்கூவர் நகரில் தோன்றிய ஃபிளிக்கர், உரிமையாளர் தம் படத்தைத் தாமே பார்ப்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நல்ல விதி என்போம். இன்ஸ்டாகிராம் 2024-இல் புகைப்படங்களுக்கும் ‘பார்வை’யையே முதன்மை அளவாக்கியது, ஒருவரே மீண்டும் பார்த்தாலும் அது ஏறும். இவ்விரு எண்களை ஒப்பிடுவது, படியையும் முழத்தையும் ஒப்பிடுவதாகும்.

இனிப் போலிகள். மனிதர் தொடாமலே படங்களைத் திறந்துகொண்டிருக்கும் நிரல்கள் பல உண்டு. அவற்றைச் சலித்தெடுக்க வேண்டும். காணொளித் தளமான யூடியூபில், 2015 வரை, பல காணொளிகளின் எண்ணிக்கை 301 அளவில் நின்றுவிடும். சலித்த பின்னரே நகரும். காசுக்குப் பார்வைகளை விற்போரும் உளர். வணிக இலாபத்திற்காக இத்தகைய போலி எண்ணிக்கையை விற்பதையும் வாங்குவதையும் அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2024-இல் விதி வகுத்துத் தடை செய்தது. பார்வை எண்ணிக்கையை வைத்துப் படப்போட்டிக்குப் பரிசளிப்பது முறையன்று என்பதே நம் கருத்து.

நம்மில் ஒருத்தி அய்யங்குளத்தின் படிகளை அழகாகப் படமெடுத்து இடுகிறாள். பன்னிரண்டு பார்வைகள். மறுநாள் வெட்கப்பட்டு நீக்கிவிடுகிறாள். ஆனால் யாருக்கு எதைக் காட்டுவது என்பதைப் பெரும்பாலும் தளத்தின் நிரலே முடிவு செய்கிறது. பலரும் விரும்பியதையே அது மேலும் பலரிடம் கொண்டு செல்கிறது. காட்டப்படாத படத்தைக் காண்பார் யார்? அந்தப் பன்னிரண்டும் தேடி வந்து திறந்தவையாக இருக்கலாம். கோபுரப் படத்தின் ஆயிரத்தில், விரல் நில்லாமல் தள்ளிவிட்டுப் போனவை எத்தனை என்று அவ்வெண்ணில் எழுதியிருப்பதில்லை.