குழந்தை உள்ளமும் வீட்டு மொழியும்

குழந்தை உளவியலைத் தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவர் சிலர் நம் சங்கத்தில் உளர். அவர்களுள் நானும் ஒருத்தி. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு, வீட்டில் கற்ற மொழியும் வழக்கமும் இத்துறையில் துணையாகுமா, தடையாகுமா? இதனைச் சற்று ஆராய்வோம்.

குழந்தையின் அறிவை அளப்பதற்கு, 1905-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் பினே, சிமோன் என்னும் அறிஞர் இருவர் ஓர் அளவுகோலை வகுத்தனர். பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து உதவுவதே அதன் நோக்கம். 1916-இல் டெர்மன் அதனை அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஏற்பத் திருத்தி அமைத்தார். 1929-இல் ரைஸ் என்பவர் இந்துஸ்தானியில் ஓர் அளவுகோலை வெளியிட்டார். காமத் என்பவர் மராத்தி, கன்னடக் குழந்தைகளுக்கு ஏற்ப வேறொன்றை அமைத்தார். கேள்விகளை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. குழந்தை வாழும் சூழலுக்கும் அவை பொருந்த வேண்டும். இதனாலேயே இத்தனை அளவுகோல்கள் தேவைப்பட்டன.

இந்தி வழங்கும் ஊரில் படிக்கும் தமிழ்க் குழந்தை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அத்தையின் கணவரை அது 'மாமா' என்கிறது. இந்தியிலும் 'மாமா' என்னும் சொல் உண்டு; ஆனால் அது தாயின் உடன்பிறந்தவரை மட்டுமே குறிக்கும். அத்தையின் கணவர் அங்கே 'பூபா' ஆவார். உறவு தெரியாத குழந்தை என்று ஆசிரியர் கருதிவிடலாம். எண்ணும் அப்படியே. நம் 'இருபத்தொன்பது' என்னும் சொல்லிலேயே இருபதும் ஒன்பதும் இருக்கின்றன. இந்தியில் அது 'உன்தீஸ்'. முப்பதுக்கு ஒன்று குறைவு என்பது பொருள். 'தீஸ்' என்றால் முப்பது. ஆகவே குழந்தை தடுமாறுகிறது. தடுமாற்றம் சொல்லில் உள்ளதே அன்றிக் கணக்கில் இல்லை. இதை அறியாமல் 'மந்தபுத்தி' என்று முத்திரை குத்தினால், அக்குழந்தையின் கல்வியே பாழாகும் அன்றோ? இங்கே நம் தாய்மொழி நமக்கு ஒரு கருவியாகிறது.

ஆயினும் எச்சரிக்கையும் வேண்டும். பெரியோர் முன் வாய் திறவாத பிள்ளையை 'அடக்கமான பிள்ளை' என்று புகழ்வது நம் வீட்டு வழக்கம். அப்பழக்கத்தால், வாய் பேசாத குழந்தை எதுவும் அடக்கமானது என்று நாம் முடிவு செய்துவிடக் கூடாது. அதற்குக் காது கேளாமல் இருக்கலாம். மனத்தில் ஏதேனும் அச்சம் இருக்கலாம். முதலில் செவிப்புலனைச் சோதித்தல் வேண்டும். நம் பண்பாடு நமக்குக் கண் தருகிறது. சில நேரம் அதுவே கண்ணை மறைக்கவும் செய்கிறது.

இவ்வகையில் பியாஜே நமக்கு வழிகாட்டி. இளமையில் பாரிசில் சோதனைப் பணி செய்தபோது, சரியான விடைகளை எண்ணுவதோடு அவர் நின்றுவிடவில்லை. பிழையான விடையைக் குழந்தை ஏன் சொன்னது என்று அக்குழந்தையிடமே கேட்டறிந்தார். பிழையின் பின்னாலும் ஓர் ஒழுங்கான சிந்தனை இருப்பதைக் கண்டார்.

இத்துறையில் நுழைய விழைவோர் உளவியலில் இளங்கலை, முதுகலை பயின்று, பின்னர் மருத்துவமனை சார்ந்த பயிற்சியும் பெறல் வேண்டும். மருத்துவ உளவியலாளராகப் பணி செய்ய, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவும் தேவை. மருந்து எழுதித் தருவது மனநல மருத்துவரின் வேலை. உளவியலாளரின் வேலை அன்று.

பட்டம் பெறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நண்பர்களே. இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளோடு வாரம் ஒரு மாலை தமிழில் பேசுங்கள். அண்டை வீட்டுக் குழந்தைகளிடம் அவர்கள் மொழியைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். சொல்வதைக் குறைத்துக் கேட்பதை மிகுதியாக்குங்கள். குழந்தை உளவியலின் முதற் பாடம் இதுவே.