வலியோடு வாழும் பிள்ளையும் கையில் உள்ள செல்போனும்



சென்ற மாதக் குழுக் கூட்டத்தில் சேமிப்புப் பணம் கட்டி முடித்ததும் ஓர் உறுப்பினர் அழுதுவிட்டார். பத்தாம் வகுப்பு படிக்கும் அவர் மகளுக்கு சிக்கிள் செல் எனும் அரிவாள் செல் இரத்தசோகை. "நாள் முழுக்க போன்தான். பிடுங்கினா அழுவுறா. குடுத்தா தண்ணிகூட குடிக்க மாட்டேங்குறா. நான் என்னதான் பண்ணட்டும்?" என்று கேட்டார்.

இந்த நோய் நமக்குப் புதிதல்ல. 1952-லேயே நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இதைக் கண்டறிந்தார்கள். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் கண்டார்கள். தாய், தகப்பன் இருவர் வழியாகவும் பிள்ளைக்கு வருவது இது. தொற்றாது, யாருடைய சாபமும் இல்லை. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து சிறு இரத்தக்குழாய்களை அடைத்துவிடும். அப்போதுதான் கை, கால், முதுகில் உயிர்போகிற வலி. உடம்பில் தண்ணீர் குறைந்தாலும், குளிர் பட்டாலும், அளவுக்கு மீறிக் களைத்தாலும் அது வரும்.

போன் இரத்தத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் படம் பார்க்கிற பிள்ளைக்குத் தாகம் தெரியாது. இந்தப் பிள்ளைகளுக்கோ சிறுநீரில் அதிகத் தண்ணீர் வெளியேறிவிடும். வீட்டுக்குள் டவர் கிடைக்காவிட்டால், சாயங்காலப் பனியில் ஸ்வெட்டர்கூட இல்லாமல் மேட்டில் போய் உட்காருவார்கள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் அது எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவில் கம்பளிக்குள் போன் பார்த்தால் தூக்கமும் போச்சு. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

"பூட்டி வையுங்க" என்றுதான் நாங்களும் முதலில் சொன்னோம். அது தப்பு என்று அந்தப் பெண்ணிடம் பேசிய பிறகே தெரிந்தது. வலியால் பள்ளிக்குப் போகாத நாளில் பாடம் போனில்தான் வருகிறது. சிநேகிதிகள் பேசுவதும் அதில்தான். இன்னொன்றும் சொன்னாள்: "வலிக்கிறப்ப எதையாவது பாத்தா கொஞ்சம் மறக்கும்." உண்மைதான். மருத்துவமனைகளிலும் பிள்ளைகளின் கவனத்தைத் திருப்ப படமும் விளையாட்டும் காட்டுகிறார்கள். ஆனால் அவள் வலியை மறைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அம்மாவுக்கு அதுவரை தெரியாது!

ஆகவே, வழக்கத்தைவிட அதிக நேரம் போனும் கையுமாகப் பிள்ளை படுத்திருந்தால், திட்டுவதற்கு முன் "எங்க வலிக்குது கண்ணு?" என்று கேளுங்கள். நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினாலோ, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் வராமல் போவது என்று எது வந்தாலோ காத்திருக்கக் கூடாது, உடனே 108-ஐ அழையுங்கள். சிக்கிள் செல் ஒழிப்புக்கான தேசியத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. பரிசோதனை செய்யாத வீடுகள் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இப்போது அந்த வீட்டில் போன் பக்கத்தில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குப் போன் சமையலறையில் சார்ஜுக்குப் போய்விடும். டாக்டர் தந்த ஹைட்ராக்சியூரியா மாத்திரைக்கும் தண்ணீருக்கும் அவளே போனில் அலாரம் வைத்திருக்கிறாள். அலாரம் அடித்தால் இப்போது அம்மாவும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறாராம்.